மழைக்கு முன் திறந்த தொட்டி

தண்ணீரைப் பற்றிப் பச்சையப்பனுக்குத் தெரியாதது எதுவுமில்லை. இதை வேறு யாரும் சொன்னதில்லை, அவனே சொல்லிக்கொள்வதுதான். அவனுடைய அப்பனும் பாட்டனும் ஏரி மடையைத் திறந்து மூடியவர்கள். மழை இருட்டிக்கொண்டு வந்தால் எத்தனை பலகையை எடுப்பது, ஏரியை எவ்வளவு இறக்கி வைப்பது என்று ஊரே அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்குமாம். அந்தப் பெருமையை அவன் கப்பலேறி வந்தபோது துணி மூட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். பினாங்கு நார்த்தம் ரோட்டில், கடலை ஒட்டிய பங்களாவில் தோட்டக்காரனாகச் சேர்ந்த அன்று, துரை பின்பக்கம் கட்டியிருந்த நீச்சல் தொட்டியைக் காட்டி இதையும் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டார். பச்சையப்பன் சிரித்தே விட்டான். ஏரியைக் கட்டி மேய்த்த வம்சத்துக்கு இந்தத் தொட்டி எம்மாத்திரம்!

அந்தத் துரை ஈய வியாபாரி. புரட்டாசி பிறந்ததும் சீமைக்குப் புறப்பட்டார். அங்கே பனிக்காலத்தைத் தாயோடு கழித்துவிட்டு மாசியில் திரும்புவதாக ஏற்பாடு. பனி பெய்கிற நாட்டில் தொட்டியை மூடி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்களாம். இங்கே அது நடக்காது. நீந்த ஆளில்லாத தொட்டி இந்த ஊர் வெயிலில் ஒரு வாரம் சும்மா கிடந்தால் போதும், பாசி பிடித்துப் பச்சையாகிவிடும், கொசுப்புழு நெளியும், நகராட்சி ஆள் வந்து வழக்குப் போடுவான். ஆகவே துரை தோட்டத்தில் நின்று பசார் மலாயில், அதாவது சந்தைப் பேச்சு மலாயில், ஒவ்வொன்றாகச் சொன்னார். தினமும் இலை அள்ள வேண்டும். சுவரைத் தேங்காய் நார்த் துடைப்பத்தால் தேய்க்க வேண்டும். பாசி பிடிக்காமலிருக்க வாரம் ஒருமுறை மயில்துத்தத்தைச் சாக்குத் துணியில் முடிந்து, கயிற்றில் கட்டி, தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டே தொட்டியைச் சுற்றி நடக்க வேண்டும். கடைசியாக, மூலையில் ஒரு குழிக்குள் இருந்த இரும்புச் சக்கரத்தைப் பூட்ஸ் காலால் தட்டிக் காட்டினார். அது தொட்டியின் அடிக்குழாயைத் திறக்கிற சக்கரம். "இதைத் தொடாதே. எவ்வளவு மழை பெய்தாலும் தொட்டி நிரம்பியே இருக்க வேண்டும்" என்றார்.

ஏன் என்று அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. தண்ணீரைப் பற்றி ஒரு வெள்ளைக்காரரிடம் போய்ப் பாடம் கேட்பதா?

வேலையில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது. கண்ணாடி மாதிரி வைத்திருந்தான் தொட்டியை. அது வெறும் ஆசையில் செய்ததல்ல, பயத்தில் செய்தது. ஈயமும் ரப்பரும் விலை விழுந்து ஊரே படுத்துக் கிடந்த வருஷம் அது. தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட தமிழர்கள் மார்க்கெட் ஸ்திரீட்டுக் கடைகளின் அஞ்சடி நடைபாதையில் குடும்பம் குடும்பமாகப் படுத்திருந்தார்கள். வேலையில்லாதவர்களைப் பெயர் எழுதி, இலவசமாகக் கப்பலேற்றி, ஊருக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது சர்க்கார். சிலருக்கு அது நல்ல காலம். பச்சையப்பனின் மனைவி ருக்குமணிக்கு அது எமன்.

வரும்போது அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. கப்பல் மேல்தட்டில், வெயிலிலும் வாந்தியிலும் காய்ச்சலிலும் கிடந்து, பாதிக் கடலில் அது போய்விட்டது. துணியில் சுற்றிக் கடலில் விட்டார்கள். ருக்குமணி இப்போது மறுபடி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். "கொன்னு போட்டாலும் நான் இன்னொரு தடவ கப்பல் ஏற மாட்டேன்" என்பதை அவள் அழுதுகொண்டு சொல்வதில்லை. அரிசி களைந்துகொண்டே சொல்வாள். பங்களாவின் பின்னால் அவர்களுக்கு இருந்த ஒற்றை அறையும் இந்த வேலையும் இருக்கும் வரைதான் அந்தக் கப்பலுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சுவர்.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. ஓய்வே இல்லாத மழை. புல்வெளி சேறாகி, தொட்டி விளிம்பு வரை தளும்பி, நிரம்பி வழிகிற தண்ணீர் போகிற சின்னக் குழாய் இலையும் மண்ணும் அடைத்துத் திணறியது. பச்சையப்பன் அதைக் குத்திக் குத்திப் பார்த்தான். வானமோ கடல் பக்கம் இன்னும் கறுத்துக்கொண்டிருந்தது. அவனுடைய இரத்தத்திலிருந்த ஏரி விழித்துக்கொண்டது. இவ்வளவு தண்ணீரையும் பிடித்து வைத்தால் கரை என்னத்துக்கு ஆகும்? நாலு பக்கச் சுவரும் வெடித்துக்கொண்டு கிடந்தால் துரைக்கு யார் பதில் சொல்வது?

"அடித்தண்ணியத் தெறந்துவுடப் போறேன்" என்றான் ருக்குமணியிடம்.

"துரை தொடாதன்னுட்டுப் போயிருக்காரே?"

"அவரு வெயில்ல நின்னுக்கிட்டுச் சொன்னாரு. இந்த மழைய அவரு பாத்தாரா? பெருமழைக்கு முன்னால தண்ணிய எறக்கலன்னா கரை நிக்காது. இது எனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். உங்களுக்குத் தெரியாதது எது" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சக்கரம் துருப்பிடித்து இறுகியிருந்தது. தொங்கிப் பார்த்தும் அசையவில்லை. மோட்டார் கொட்டகைக்கு ஓடிக் கமாலுதீனை அழைத்து வந்தான். கமாலுதீன் துரையின் டிரைவர். பினாங்கிலேயே பிறந்தவர், வயதில் மூத்தவர், துரை இல்லாத மாதங்களில் காரைத் துடைப்பதும் பச்சையப்பனோடு உட்கார்ந்து கோப்பி குடிப்பதும்தான் அவர் வேலை. அவருடைய மனைவி காமாரியா மாசமாக இருக்கிறவளுக்கென்று வாரம் தவறாமல் மீன் குழம்பு கொடுத்தனுப்புவாள்.

"துரை வேணாம்னாருல்ல, தம்பி?"

"ஒடஞ்சு போனா என்னையத்தான் கேப்பாரு பாய். உங்களையா கேக்கப் போறாரு?"

கமாலுதீன் யோசித்தார். தண்ணீர் விஷயம் இவனுக்குத் தெரியும் என்று இவனே ஆயிரம் தடவை சொல்லியிருந்தான், பாவம், அவர் நம்பியிருந்தார். பெரிய ஸ்பேனரை மாட்டி, இரும்புக் கம்பியைச் செருகி, இரண்டு பேரும் சேர்ந்து தம் பிடித்தார்கள். சக்கரம் கிறீச்சிட்டுத் திரும்பியது. தண்ணீர் கடற்கரைக் குழாய் வழியே சீறிக்கொண்டு போனது. சாயங்காலத்துக்குள் தொட்டி காலி. கடல் ஏறினால் உப்புத்தண்ணீர் குழாய் வழியே உள்ளே வரும் என்று சக்கரத்தைத் திரும்ப இறுக்கி மூடினான். பிறகு உள்ளே இறங்கி மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டு, துரை பார்த்தால் மெச்சிக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டே ஏறி வந்தான். அன்றிரவு மழை கொட்டித் தீர்த்தது. அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் ருக்குமணிதான் முதலில் பார்த்தாள். உள்ளே வந்து அவன் தோளை உலுக்கினாள்.

தொட்டி எழுந்து நின்றது. கடல் பக்கத்து முனை தரையை விட்டு ஒரு முழத்துக்கு மேலே கிளம்பியிருந்தது. சுற்றிப் போட்டிருந்த சிமெண்டுத் தளம் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. வெடிப்புகளிலிருந்து கலங்கல் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. பச்சையப்பன் அந்த ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கரை உடைவதைப் பார்த்திருக்கிறான். குளமே எழுந்து வருவதை அவன் வம்சத்தில் யாரும் பார்த்ததில்லை.

கமாலுதீன் வந்து தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். பிறகு வெடிப்பில் கொப்பளித்த தண்ணீரைத் தொட்டுப் பார்த்துச் சொன்னார். "அடியில தண்ணி, தம்பி. மழையும் எறங்கி, கடலும் ஏறி, மண்ணெல்லாம் தண்ணி. காலிச் சட்டிய தண்ணியில வெச்சா மெதக்கும்லா. நெறஞ்ச சட்டிதான் உக்காரும்."

அவ்வளவுதான் விஷயம். ஏரிக்குத் தண்ணீர் உள்ளேயிருந்து எதிரி, இந்தத் தொட்டிக்கு அது வெளியேயிருந்து எதிரி. உள்ளே இருந்த தண்ணீர்தான் இத்தனை நாளும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. துரை ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம். இவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"மாசிக்குள்ள ஏதாச்சும் பண்ணிடலாம்" என்று பச்சையப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தபோது, துரையின் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி குடையோடு வந்து சேர்ந்தார். கிராணி தமிழர், சிதம்பரநாதன் என்று பெயர், சாது. பின்பக்கம் வரவில்லை, முன்வாசலிலேயே நின்று சேதி சொன்னார். துரை சீக்கிரமே திரும்பி வருகிறார், கப்பல் இந்த வாரக் கடைசியில் வந்துவிடும், வீட்டைத் தயார் செய்யுங்கள். ஏன் சீக்கிரம் என்று கேட்டதற்கு, "பெரிய எடத்து விஷயம், எனக்கென்னப்பா தெரியும்" என்று நழுவிவிட்டார்.

அதன்பின் அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. நிறைந்த சட்டி உட்காரும் என்றால் நிரப்பத்தானே வேண்டும்? தெருக்குழாயை முழுசாகத் திறந்துவிட்டான். அது நூலாக ஒழுகியது. இரண்டு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் காவடியில் கட்டிக் கடல்தண்ணீர் தூக்கினான். கமாலுதீனும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூக்கினார். அவர் தூக்கவேண்டிய அவசியமே இல்லை. மழையும் தன் பங்குக்குப் பெய்தது. தொட்டி நிரம்ப நிரம்ப, தூக்கிய முனை முனகிக்கொண்டு இறங்கியது. பாதி இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. அடியில் மண் சரிந்து புகுந்து முட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

புல்வெளி உருட்டுகிற கல் உருளையை இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு வந்து, பலகை போட்டு, அந்த முனை மேல் ஏற்றினார்கள். அசையவில்லை. பச்சையப்பன் அதன் மேல் ஏறிக் குதித்தான். கால் வழுக்கி விழுந்தான். மறுபடி ஏறிக் குதித்தான். முழங்கை கிழிந்து இரத்தம் வழிந்தது அவனுக்குத் தெரியவே இல்லை.

"நானும் ஏறி நிக்கட்டுமா?" என்றாள் ருக்குமணி.

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, நிறைவயிற்றோடு, உண்மையாகவே ஏறி நிற்கத் தயாராக நின்றாள். கமாலுதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பச்சையப்பன் உருளையின் மேல் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

இனி மறைப்பதுதான் வழி. உடைந்த தளத்தில் மண்ணைக் கொட்டிப் புல் பத்தைகளைப் பதித்தான். முன்வாசலிலிருந்த பூந்தொட்டிகளைத் தூக்கி வந்து தூக்கிய முனையைச் சுற்றி அடுக்கினான். மயில்துத்தத்தை வழக்கத்துக்கு இரண்டு மடங்காக இழுத்தான், தண்ணீர் நீலமாகப் பளபளத்தது. தூர நின்று பார்த்தான். எல்லாம் பழையபடியே இருந்தது, தண்ணீரைத் தவிர. தொட்டி சாய்ந்திருந்தாலும் தண்ணீர் சாயாதே! வீட்டுப் பக்கம் அது விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. கடல் பக்கம் வெள்ளைப் பீங்கான் ஓடு ஒரு சாண் அகலத்துக்குப் பல்லிளித்தது. எந்தப் பூந்தொட்டியை வைத்து அதை மறைப்பது?

"உள்ளதச் சொல்லிருங்க" என்றாள் ருக்குமணி. "தெரியாமப் பண்ணிட்டோம்னு கால்ல விழுந்துருவோம்."

"நானும் கூட நிக்கிறேன்" என்றார் கமாலுதீன். "மழைக்குப் பயந்து செஞ்சோம் துவான், ரெண்டு பேரும்தான் செஞ்சோம்னு சொல்லுவோம். ஆளுக்குப் பாதி ஏச்சு வாங்கிக்குவோம்லா. எனக்கு அவருகிட்ட நல்ல பேரு இருக்கு."

துரையைத் துவான் என்று விளிக்கிற அந்த வாக்கியத்தைப் பச்சையப்பன் மலாயில் மனப்பாடம் செய்தான். மழைக்குப் பயந்து செய்தோம், துவான். தகரம் தூக்கும்போதும் சோறு தின்னும்போதும் உதடு அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

துரை வந்தார். இளைத்துப்போய், தாடைச் சதை தொங்கி, ஆளே பாதியாகியிருந்தார். கிராணி சிதம்பரநாதன் கூடவே பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். துரை வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நேரே பின்பக்கம் வந்தார். பூந்தொட்டிகளை அவர் பார்க்கவே இல்லை. தண்ணீரைப் பார்த்தார். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அவர் கண் போய்வருவதைப் பச்சையப்பன் பார்த்தான்.

"சியாப்பா புக்கா?" என்றார் துரை. யார் திறந்தது?

கமாலுதீன் ஒரு எட்டு முன்னே வந்து, பச்சையப்பனுக்குப் பக்கத்தில் தோளோடு தோள் நின்றார். அறை வாசலில் ருக்குமணி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் பச்சையப்பனுக்குக் கண்ணை இருட்டியது. கப்பல் தட்டும், சுற்றிய துணியும், அது தண்ணீரில் விழுந்த சத்தமும் வந்தன. மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கே போயிற்றோ! வாயைத் திறந்தான்.

"டிரைவர், துவான்" என்றான். "டிரைவர்தான் திறந்தார். வேண்டாமென்று நான் சொன்னேன். கேட்கவில்லை."

அவன் காதாலேயே அவன் அதைக் கேட்டான். பக்கத்தில் ஒட்டியிருந்த தோள் மெல்ல விலகியது. கமாலுதீன் அவனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

துரை தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். பிறகு சலிப்போடு கையை உதறினார். யார் திறந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான் என்றார். ஈயத்தில் எல்லாம் போய்விட்டது. வீடு பாங்கிக்குப் போகிறது, மோட்டாரும் போகிறது. மாதக் கடைசியோடு எல்லாருக்கும் வேலை முடிந்தது. சம்பளத்தைக் கிராணி கொடுப்பார். இதைச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். தொட்டியை அவர் மறுபடி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிராணிக்கு இளகிய மனசு. பச்சையப்பனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "வெளியில நின்னு சீரழியாதப்பா. சர்க்கார் கப்பல் ஒண்ணு போகுது. ஒனக்கும் சம்சாரத்துக்கும் சீட்டு இனாம். நான் பேர் எழுதிக் குடுத்துர்றேன்."

பச்சையப்பன் கமாலுதீனின் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தான். "பாய், பாய், மன்னிச்சிருங்க பாய். எம் புத்தி கெட்டுப் போச்சு."

"எந்திரி" என்றார் கமாலுதீன். குரலில் கோபம்கூட இல்லை. "நீ சொன்னதால எனக்கு ஒண்ணும் ஆகல. வீடு போனா எல்லாரோட வேலையும்தான் போச்சு. ஆனா நீ சொன்னப்ப ஒனக்கு அது தெரியாதுலா. எம் புள்ளைங்க பட்டினி கெடக்கும்னு தெரிஞ்சுதான் சொன்னே."

பச்சையப்பனின் பிடி அவர் காலிலிருந்து நழுவியது.

"துரை வெரட்டினா ரெண்டு பேரும் நம்ம ஊட்டுக்கு வரட்டும்னு நேத்தே பேசி வெச்சிருந்தோம்" என்று கமாலுதீன் தொடர்ந்தார். "காமாரியா பின்கட்டு ரூம கழுவிப் பாய் போட்டு வெச்சிருக்கா. வயித்துப் புள்ளக்காரிய எவனும் கப்பல் ஏத்த நான் விடமாட்டேன்." பிறகு அறை வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தங்கச்சி, துணிய எடுத்துக்கிட்டு வா. போவோம்."

ருக்குமணி மூட்டையோடு வந்தாள். தரையில் கிடந்தவனை அவள் திட்டவில்லை. கப்பல் என்றால் தனக்கிருந்த பயத்தைத்தான் அவன் கத்தியாக எடுத்து வீசியிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சார், எம் பேர எழுதாதீங்க" என்றாள் கிராணியிடம்.

"அப்ப இவன் பேரு?"

அவள் நின்றாள். கமாலுதீன் திரும்பாமல் படலைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். நீயும் வா என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் பச்சையப்பன் தவழ்ந்தாவது போயிருப்பான். அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்க ருக்குமணிக்கும் வாய் வரவில்லை.

"அவரையே கேட்டுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். வயிற்றுக்குக் கீழே ஒரு கையைத் தாங்கலாகக் கொடுத்துக்கொண்டு, சேற்றில் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, படலைத் தாண்டிப் போனாள். கமாலுதீன் அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டார்.

கிராணி பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார். தூறல் மறுபடி தொடங்கியிருந்தது. பச்சையப்பன் மெதுவாக எழுந்து நின்று தன் பெயரைச் சொன்னான். அப்பன் பெயரையும் ஊர்ப் பெயரையும் கேட்டார், அவற்றையும் சொன்னான்.